மீந்த துணிக்கைகள்



ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டு நமது ஆண்டவர் பெருங்கூட்டத்தைப் போஷித்த அற்புதத்தை நீங்கள் ஞானோபதேச வகுப்பிலேயே கேட்டிருக்கிறீர்கள். ஆடவர் மாத்திரம் ஏறக்குறைய ஐயாயிரம் பேர். பெண்டு பிள்ளைகளையும் சேர்த்தால் இன்னும் எவ்வளவோ. அத்தனை பேரும் வயிறார உண்டார்கள். கதை இவ்வளவோடு முடிந்திருந்தால், சர்வேசுரனுடைய வல்லமையை வியந்து நாம் வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் அர்ச். அருளப்பர் தம் சுவிசேஷத்தின் 6-ம் அதிகாரத்தில் இன்னொரு சங்கதியையும் எழுதி வைத்திருக்கிறார். பந்தி முடிந்த பிறகு ஆண்டவர் தம்முடைய சீஷர்களை அழைத்து, மீந்து கிடக்கும் துணிக்கைகள் வீணாகாதபடி சேர்த்தெடுக்கச் சொன்னார். அவர்கள் சேர்த்தார்கள். பன்னிரண்டு கூடை நிறைந்தது.

சற்று யோசித்துப் பாருங்கள். ஐந்து அப்பத்தை ஆயிரக்கணக்கானோருக்குப் போதச் செய்தவருக்குத் துணிக்கை எதற்கு? நாளைக்குப் பசித்தால் நாளைக்கும் ஒரு புதுமை செய்யலாமே! அப்படியிருந்தும் பொறுக்கச் சொன்னார். கொடுப்பது சர்வேசுரனுடைய வேலை. கொடுத்ததைச் சிந்தாமல் எடுத்து வைப்பது நம்முடைய வேலை. புல்தரையில் குனிந்து பொறுக்கும் அந்த வேலையை அவர் சம்மனசுகளுக்குக் கொடுக்கவில்லை, மனிதருக்கே கொடுத்தார்.

இவ்வாரம் உங்களோடு பேச விரும்புவது இந்தக் குனிந்து பொறுக்கும் வேலையைப் பற்றித்தான். அதாவது, சிறு வருமானத்தில் பிள்ளைகளை வளர்க்கும் குடும்பம் எதற்காகப் பணம் சேர்க்க வேண்டும், எப்படிச் சேர்க்க வேண்டும் என்பதைப் பற்றி.

“சுவாமி, வருகிறதே போதவில்லை, எதைச் சேர்ப்பது?” என்று உங்களில் பலர் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. அடுப்பில் உலை வைக்க அரிசியில்லாத வீட்டுக்கு நான் சேமிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்ய வரவில்லை. அந்த வீட்டுக்கு வேண்டியது நம்முடைய கை உதவி. வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் எல்லாம் எப்படியோ நடந்து, மாதக் கடைசியில் கை வறண்டு போகிற வீடுகளுக்கே இதைச் சொல்லுகிறேன். நம்முடைய பங்கில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட வீடுகள்தான்.

இன்னும் சிலர், “நாளைய தினத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாமென்று ஆண்டவரே சொல்லியிருக்க, சேர்த்து வைப்பது அவநம்பிக்கை ஆகாதா?” என்பார்கள். ஆண்டவர் விலக்கியது மனத்தை அரிக்கும் கவலையை, முன்யோசனையை அல்ல. கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்க மாட்டானா என்று கேட்டவரும் அவரே. பழைய ஏற்பாட்டில் யோசேப்பு என்ன செய்தார்? ஏழு வருஷம் விளைச்சல் பெருகும், அடுத்த ஏழு வருஷம் பஞ்சம் வரும் என்று அறிந்ததும், நல்ல வருஷங்களில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக் களஞ்சியத்தில் வைக்கும்படி பார்வோனுக்கு யோசனை சொன்னார். அந்தக் களஞ்சியந்தான் பிற்பாடு எகிப்து தேசத்தையும், அவருடைய சொந்தத் தகப்பனையும் சகோதரரையும் பசியிலிருந்து காப்பாற்றிற்று.

இனி, என் மனத்தை விட்டு நீங்காத ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லுகிறேன். அது வேறொரு பங்கில், சில வருஷங்களுக்கு முன் நடந்தது. தகப்பனார் கொத்தனார்; தாயார் வீட்டிலேயே தையல் வேலை செய்பவள். மூத்தவள் பன்னிரண்டாம் வகுப்பு. இளையவனுக்குப் புதுநன்மை. நல்ல பக்தியுள்ள குடும்பம். ஞாயிறு பூசை தவறாது. பையனுடைய புதுநன்மையை ஊர் மெச்சக் கொண்டாட வேண்டுமென்று தகப்பனாருக்கு ஆசை. மண்டபம் பிடித்தார்கள். இருநூறு பேருக்குப் பிரியாணி. தெரு முனையில் பெரிய பேனர். தாயாருடைய இரண்டு பவுன் சங்கிலி அடகுக் கடைக்குப் போயிற்று. போதாததற்கு ஐந்து வட்டிக்கு ஐம்பதாயிரம் வாங்கினார்கள்.

அந்தப் பந்தியில் நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன். முதல் இலை எனக்குத்தான். பிரியாணி நன்றாயிருக்கிறது என்று தகப்பனாரை மெச்சவும் செய்தேன். சங்கிலி எங்கே போயிற்று என்பது எனக்குத் தெரியாது, விசாரிக்கவும் இல்லை.

அடுத்த மாதங்களில் மூத்தவள் நல்ல மதிப்பெண் வாங்கித் தேறினாள். செவிலியர் படிப்புக்கு இடமும் கிடைத்தது. முதல் கட்டணம் நாற்பதாயிரம். கட்ட வேண்டிய நாள் வந்தது. வீட்டில் அடகு வைக்க நகை இல்லை. வாங்கின ஐம்பதாயிரத்துக்கு மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு வட்டி கட்டவே திணறிக்கொண்டிருந்தார்கள். இனிக் கடன் கொடுப்பாரும் இல்லை. இடம் கைவிட்டுப் போயிற்று. பெண் ஜவுளிக் கடைக்கு விற்பனை வேலைக்குப் போனாள். அப்போது அந்தத் தாய் என்னிடம் வந்து அழுதுகொண்டு சொன்ன வார்த்தை இது: “சுவாமி, பந்தியில் இருநூறு பேர் உட்கார்ந்தார்கள். கட்டணம் கட்டும் நாளில் ஒருவரும் வரவில்லை.”

அந்த இருநூறு பேரில் நானும் ஒருவன் என்பது எனக்கு உறைத்தது. ஆகையால் இந்தப் பிரசங்கத்தை உங்களுக்குச் செய்வதற்கு முன் எனக்கே செய்துகொண்டேன்.

பிரியமானவர்களே, ஏழை வீட்டில் சேமிப்பு என்பது பணக்காரன் ஆவதற்கான வழியென்று நினைக்க வேண்டாம். அது பிள்ளையின் நாளைக்கு நாம் கட்டும் வேலி. வேலியில்லாத தோட்டத்தில் முதலில் நுழைவது கடன்தான். கடன் எப்படி வேலை செய்கிறது என்று கணக்குப் பாருங்கள். ஐந்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய். வருஷத்துக்கு அறுபது ரூபாய். ஐம்பதாயிரம் வாங்கினவர் வருஷத்தில் முப்பதாயிரம் வட்டி கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும். நாள் தண்டலோ இன்னும் மோசம். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு கையில் எண்ணாயிரத்து ஐந்நூறு கொடுப்பார்கள். நாளைக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் அசலையும் தினந்தோறும் திருப்பிக் கொண்டே வருகிறோமல்லவா? சரியாகக் கணக்கிட்டால் வட்டி வருஷத்துக்கு நூற்றுக்கு நூறையும் தாண்டிப் போகும். இத்தகைய அநியாய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே சட்டம் செய்தார்கள். ஆனாலும் அவசரத்தில் கை நீட்டுகிறவனுக்குச் சட்டம் ஞாபகம் வருமா? இப்போது கைப்பேசியிலேயே நிமிஷத்தில் கடன் தருகிறோம் என்று கூப்பிடுகிறார்கள். வாசல் மாறியிருக்கிறது, கண்ணி மாறவில்லை.

நம் திருச்சபை இந்தத் துன்பத்தை இன்று நேற்று கண்டதல்ல. இத்தாலி தேசத்துப் பெருஜியா நகரில் 1462-ம் ஆண்டில், வட்டிக்காரர் கையில் சிக்கிய ஏழைகளை மீட்கப் பிரான்சிஸ்கு சபைத் துறவிகளின் முயற்சியால் ஓர் அடகு நிதி ஏற்பட்டது. குறைந்த செலவில் ஏழைகள் அங்கே பொருளை வைத்துப் பணம் பெறலாம். பிற்பாடு பல நகரங்களில் பரவிய அந்த நிதிகளை 1515-ல் ஐந்தாம் இலாத்தரான் பொதுச்சங்கம் அங்கீகரித்தது.

கனடா தேசத்தில் நடந்ததையும் கேளுங்கள். அல்போன்ஸ் தெழார்தேன் என்ற கத்தோலிக்கர் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் பேச்சுகளைச் சுருக்கெழுத்தில் எழுதும் வேலை பார்த்தவர். 1897-ல் ஓர் அங்கத்தினர் பேசியதை எழுதிக்கொண்டிருந்தபோது, மோன்றியால் நகரில் 150 டாலர் கடன் வாங்கிய ஒருவர் 5,000 டாலர் வட்டி கட்டும்படி தீர்ப்பான செய்தியைக் கேட்டார். அது அவர் நெஞ்சில் தைத்தது. மூன்று வருஷம் ஆராய்ந்து, 1900 டிசம்பரில் தம் ஊராகிய லெவியில் மக்கள் சேமிப்பு நிதி ஒன்றைத் தொடங்கினார். ஐந்து டாலர் பங்கை ஏழைகள் சிறு தவணைகளாகக் கட்டலாம். பங்குக் குருக்கள் பலர் துணை நின்றார்கள். கோவில் மணி கேட்கும் தூரத்துக்குள் ஒருவரையொருவர் அறிந்த மக்கள், தங்கள் சில்லறையைத் தாங்களே சேர்த்துத் தங்களுக்குள்ளே கடன் கொடுத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டிலும் 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இந்த வழியில் நடந்தவையே. பத்துப் பதினைந்து பெண்கள் வாரா வாரம் கூடி, ஆளுக்குச் சிறு தொகை போட்டு, கணக்கெழுதி, அவசரப்பட்டவளுக்கு நியாயமான வட்டியில் கொடுப்பது. நமது தெருக்களிலும் அத்தகைய குழுக்கள் இருக்கின்றன. சேராதவர்கள் சேருங்கள்.

சரி, துணிக்கைகளை எங்கே தேடுவது? முதலில் அவை சிந்துகிற இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, ஆடம்பரம். ஞானஸ்நானம், புதுநன்மை, பெண் பெரியவளான சடங்கு, புதுமனை புகுதல் எல்லாம் சந்தோஷமான காரியங்களே. கானாவூர்க் கல்யாணத்துக்குப் போன ஆண்டவர் நம் சந்தோஷத்தை வெறுக்கிறவர் அல்லர். ஆனால் புதுநன்மைக்கு வேண்டியது சுத்தமான ஆத்துமமும் சுத்தமான உடையுமே. அர்ச். சூசையப்பரும் தேவமாதாவும் குழந்தை சேசுவைக் கோவிலில் காணிக்கையாக்கியபோது, ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைகளுக்குரிய இரண்டு பறவைகளையே கொண்டு போனார்கள். உலகத்தின் இரட்சகருக்கே அது போதுமாயிருந்தது. அயலார் என்ன நினைப்பார்களோ என்று அவர்கள் கடன் வாங்கவில்லை.

இரண்டாவது, குடி. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுப் பெண்களைக் கேட்டால் தெரியும். நாளைக்கு நூற்றைம்பது ரூபாய் குடிக்கிற தகப்பன் மாதத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாயை ஊற்றி விடுகிறான். பிள்ளைக்குக் கட்டணம் இல்லையென்று அவன் சொல்லும்போது, இருந்தது என்பதற்குச் சர்வேசுரனே சாட்சி.

மூன்றாவது, ஒளிவு மறைவு. கணவன் வாங்கின கடன் மனைவிக்குத் தெரியாது; மனைவி போட்ட சீட்டு கணவனுக்குத் தெரியாது. மெய்விவாகத்தில் ஒரே சரீரமானவர்களுக்கு இரண்டு கணக்கு ஏன்? பல வீடுகளில் பணக் குறைவைவிட இந்த மறைவே பெரிய ஓட்டை.

ஓட்டையை அடைத்தபின் செய்ய வேண்டியதைச் சொல்லுகிறேன். சம்பளம் வந்த அன்று இரவு, ஜெபமாலை முடிந்ததும், புருஷனும் மனைவியும் பாடுபட்ட சுரூபத்துக்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டை விரித்து உட்காருங்கள். வரவு இவ்வளவு, வாடகை இவ்வளவு, அரிசி பருப்பு இவ்வளவு என்று எழுதுங்கள். செலவெல்லாம் போக மிஞ்சினதைச் சேர்ப்போம் என்று இருந்தால் ஒரு நாளும் மிஞ்சாது. யோசேப்பு ஐந்தில் ஒரு பங்கை அறுவடைக் காலத்திலேயே எடுத்து வைத்தார், பஞ்சத்தில் எடுக்கவில்லை. ஆகவே சேமிப்பை முதல் நாளே எடுத்து விடுங்கள். ஐந்தில் ஒன்று முடியாவிட்டால் இருபதில் ஒன்று. அதுவும் முடியாவிட்டால் நாளைக்கு இருபது ரூபாய். நாளைக்கு இருபது, மாதத்துக்கு அறுநூறு, வருஷத்துக்கு ஏழாயிரத்து இருநூறு. ஐந்து வருஷத்தில் வட்டி நீங்கலாகவே முப்பத்தாறாயிரம். அந்தக் கொத்தனார் வீட்டில் இவ்வளவு இருந்திருந்தால், மீதி நாலாயிரத்துக்கு யாராவது கை கொடுத்திருப்பார்கள்.

சேர்த்ததைப் பத்திரமான இடத்தில் வையுங்கள். அஞ்சலகத்தில் மாதம் நூறு ரூபாயிலிருந்தே தொடர் வைப்புக் கணக்கு தொடங்கலாம். ஐந்து வருஷம் கட்ட வேண்டும். பெண் குழந்தைக்குப் பத்து வயது ஆவதற்குள் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம். 2015-ல் ஏற்பட்ட அந்தத் திட்டத்தில் வருஷத்துக்கு இருநூற்றைம்பது ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். பெண்ணுக்குப் பதினெட்டு வயதானால் மேற்படிப்புக்குப் பாதி வரையில் எடுக்கலாம். சீட்டுப் போடுகிறவர்கள், 1982-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டுதானா என்று கேட்டு, பத்திரத்தைக் கண்ணால் பார்த்த பிறகு போடுங்கள். தெரிந்தவர்தானே என்று தீபாவளிச் சீட்டும் கிறிஸ்துமஸ் சீட்டும் கட்டி, பண்டிகைக்கு முன்பு பூட்டின வாசலில் நின்று அழுதவர்களை நான் கண்டிருக்கிறேன். மூன்று மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்பவர்களை வாசற்படி ஏறவே விடாதேயுங்கள்.

பிள்ளைகளையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு மண் உண்டியலை வாங்கிக் கொடுத்து, அது நிறைந்ததும் முதல் துணிக்கை ஏழைக்கு, மற்றது கணக்குக்கு என்று பழக்குங்கள். வீட்டு நிலைமையைப் பிள்ளைகளுக்கு அன்போடு எடுத்துச் சொன்னால் அவர்கள் புரிந்துகொள்வார்கள். இல்லாததை இருப்பது போல் காட்டி வளர்த்த பிள்ளைதான் பிற்பாடு கோபிக்கும்.

இப்போது ஓர் எச்சரிக்கை. எதையும் எல்லாவற்றையும் மிச்சம் பிடிப்பது புண்ணியம் என்று எண்ணிவிடாதேயுங்கள். குழந்தையின் பாலிலும் முட்டையிலும் பிடித்த மிச்சம் நாளைக்கு மருந்துக் கடைக்குப் போகும். வீட்டில் எல்லோரும் உண்டபின் சட்டியில் ஒட்டினதை வழித்துத் தின்றுவிட்டு, எனக்குப் பசியில்லை என்று சொல்லுகிற தாய்மார் நம்மில் உண்டு. புருஷர்களே, உங்கள் மனைவியின் வயிற்றில் பிடித்த பணம் சேமிப்பல்ல. அது திருட்டுக்குச் சமம். அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று இன்றிரவு பாருங்கள். அப்படியே, உங்களிடம் வேலை செய்தவனுடைய கூலியைத் தாமதிப்பதும், பிச்சை கேட்டு வந்தவனை வெறுங்கையோடு அனுப்புவதும் சிக்கனம் ஆகா. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாய்க் கட்டிவிட்டு, இனி உண்டு குடித்து இருப்போம் என்று நினைத்த ஐசுவரியவானுக்கு அன்றிரவே ஆண்டவர் கணக்குக் கேட்டார். அவன் சேர்த்தது தனக்கு மாத்திரம். அதுவே அவன் குற்றம். நாம் சேர்ப்பது பிள்ளைகளின் தேவைக்காகவும், பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வதற்காகவும், பிறருக்கு நாமே கை கொடுப்பதற்காகவும். பாப்பரசர் 13-ம் சிங்கராயர் 1891-ம் ஆண்டில் தொழிலாளர் நிலைமையைப் பற்றி எழுதிய நிருபத்தில், தொழிலாளிக்குப் போதுமான கூலி கிடைத்தால் அவன் சிக்கனமாயிருந்து சிறிது மிச்சம் பிடித்துத் தனக்கென்று ஓர் உடைமை தேடிக்கொள்ளக் கூடும் என்று போதித்தார். கூலி கொடுப்போருக்கும் வாங்குவோருக்கும் சேர்த்து அவர் சொன்ன புத்தி அது.

பங்கின் சார்பாகவும் ஒரு வார்த்தை. ஆடம்பரத்தைக் குறை சொல்லுகிற நாங்களே திருவிழாவுக்கு வாணவேடிக்கையும் பேனரும் வைத்து, வரி கேட்டு உங்கள் வாசலில் நின்றால் அது முறையா? வருகிற புதுநன்மைக்குப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துக் கோவில் வளாகத்திலேயே ஒரே எளிய விருந்து வைக்கலாமா என்று பங்குப் பேரவையில் கேட்கப் போகிறேன். தனி விருந்து வைக்கிறவர்களை நான் தடுக்கவில்லை. ஆனால் கடன் வாங்கி வைத்த பந்தியில் இனி நான் உட்காருவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். முதலிலேயே கேட்பேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

அந்தக் குடும்பம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். தாயார் பெண்கள் குழுவில் சேர்ந்தாள். குழுவில் கடன் பெற்று ஐந்து வட்டிக் கடனை அடைத்தாள். தகப்பனார் தம் கூலியை முழுவதும் அவள் கையில் கொடுக்கத் தொடங்கினார். மூன்று வருஷம் பிடித்தது கால் ஊன்றி நிற்க. இளையவன் தொழிற்கல்வி படித்தபோது முதல் கட்டணத்தை அவர்கள் தங்கள் கணக்கிலிருந்தே கட்டினார்கள். அந்த ரசீதை என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். பக்கத்தில் மூத்தவளும் நின்றாள். தம்பிக்காக அவளுக்குச் சந்தோஷந்தான். ஆனால் அவளுக்குப் போன இடம் போனதுதான். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் கூசுகிறது.

நம்முடைய பங்கில் இப்படி ஒரு பிள்ளையும் நிற்கக் கூடாது. பெலவேந்திரர் காட்டிய சிறுவனிடத்தில் இருந்தது ஐந்து வாற்கோதுமை அப்பமே. அது கொஞ்சம் என்று அவன் ஒளித்து வைக்கவில்லை. ஆண்டவர் கையில் வந்தது. உங்கள் சிறு சம்பளத்தையும் முதலில் அவர் கையில் வையுங்கள், அவர் ஆசீர்வதிப்பார். பிறகு துணிக்கைகளைப் பொறுக்குங்கள்.

இவ்வாரம் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். நோட்டு ஒன்றை வாங்கி, இன்றிரவு ஜெபமாலைக்குப் பின் புருஷனும் மனைவியும் சேர்ந்து முதல் பக்கத்தை எழுதுங்கள். நாசரேத்தூரில் தச்சு வேலை செய்து குடும்பத்தைக் காத்த அர்ச். சூசையப்பர் உங்கள் உழைப்பையும் உங்கள் கணக்கையும் காப்பாராக. திருக்குடும்பத்தின் சமாதானம் உங்கள் வீடுகளில் தங்கியிருப்பதாக. ஆமென்.